பெயருக்கு இரண்டு கட்டங்கள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையில் உள்ள வங்கிக் கிளையொன்றுக்குப் போயிருந்தேன். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய ஓய்வூதியம் வந்து சேரும் கணக்கின் விபரங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி எடுத்துச் சென்றிருந்தோம். கண்ணாடிக்கு அப்பால் இருந்த இளம்பெண் அவற்றை வாங்கிப் பார்த்து, கணினியில் தட்டச்சுச் செய்து, சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மிகுந்த தயக்கத்தோடு சொன்னார்: "சிஸ்டம் எடுக்குதில்ல, அம்மா."

அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயர் இருக்கிறது. திருமணத்துக்குப் பின்னர் எடுத்த அடையாள அட்டையில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. இகரத்தில் முடியும் அம்மாவின் சொந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது, நியமனக் கடிதத்தை அடித்தவர் கடைசியில் 'ஐ' என்ற எழுத்தைப் போட்டிருக்கிறார். அட்டையை நிரப்பியவர் 'வை' என்ற எழுத்தைப் போட்டிருக்கிறார். தமிழில் எழுதிப் பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை. திரையில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று முதற்பெயர், மற்றையது குடும்பப் பெயர். எங்கள் வழக்கில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதைச் சொல்வதற்கு அந்தத் திரையில் இடமில்லை. கணக்குத் திறந்த காலத்தில் யாரோ இரண்டாவது கட்டத்தில் அப்பாவின் பெயரை இட்டிருக்கிறார்கள். அதனால் அம்மாவுக்கு வரும் செய்திகள் எல்லாம், ஒன்பது வருடங்களுக்கு முன்னர் காலமான அப்பாவின் பெயரை விளித்தே இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். மாதந்தோறும் பார்க்கிறவர், மழைக்காலத்தில் குடையை வாங்கி ஓரமாக வைத்து, நாற்காலி எடுத்துக் கொடுக்கிறவர். முன்னால் இருக்கும் மனுஷி யார் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. இருந்தும் அவருடைய அறிதலுக்கு அந்தக் கிளையில் எந்தப் பெறுமதியும் இருக்கவில்லை என்பதுதான் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

'சிஸ்டம் எடுக்குதில்ல' என்ற வாக்கியத்தை இப்போது கொழும்பில் எங்கு போனாலும் கேட்கலாம். மருத்துவமனையின் பதிவு மேசையில், தொலைபேசி நிறுவனத்தின் கிளையில், பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடையில் என்று எல்லா இடங்களிலும் அது ஒரே தொனியில் சொல்லப்படுகிறது. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல. வாக்கியத்துக்கு எழுவாய் இருக்கிறது, ஆனால் அந்த எழுவாய்க்குப் பின்னால் ஆள் இல்லை. இரண்டு கட்டங்கள் போதும் என்று தீர்மானித்தவர் யார், ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்று விதித்தவர் யார் என்று கேட்டால், அந்தக் கேள்வியே விசித்திரமாகத் தோன்றும் நிலைக்கு நாங்கள் வந்துவிட்டோம்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் விமர்சனக் கோட்பாட்டைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். இருபது வருடங்கள் கழித்து, அம்மாவின் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் அமர்ந்திருந்தபோதுதான், அதை உருவாக்கிய ஜேர்மானியர்கள் எதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டார்கள் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது.

அவர்கள் பணியாற்றிய சமூக ஆய்வு நிறுவனம் பிராங்ஃபேர்ட் நகரில் 1923 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அது மூடப்பட, அதன் அறிஞர்கள் ஜெனீவா வழியாக நியூயோர்க்குக்குப் பெயர்ந்தார்கள். மக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937 இல் எழுதிய கட்டுரையொன்றில், உலகத்தை இருக்கிறபடியே ஏற்றுக்கொண்டு அதை விளக்க முற்படும் மரபுக் கோட்பாட்டையும், அந்த உலகம் எவ்வாறு இப்படி ஆனது, வேறு விதமாக ஆகியிருக்க முடியாதா என்று கேட்கும் விமர்சனக் கோட்பாட்டையும் பிரித்துக் காட்டினார். பின்னர் அவரும் தியோடோர் அடோர்னோவும் போர்க்காலத்தில் கலிபோர்னியாவில் இருந்து சேர்ந்து எழுதி, 1947 இல் அம்ஸ்ரடாமில் அச்சான நூலில் ஒரு பெரும் துயரத்தை ஆராய்ந்தார்கள். மனிதனை அச்சத்திலிருந்து விடுவிப்பதற்காக வந்த பகுத்தறிவு, எப்படி மனிதனையே ஆளும் கருவியாக மாறியது? இலக்கு சரியானதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இலக்கை விரைவாக அடைவது எப்படி என்று மட்டும் கேட்கப் பழகிய பகுத்தறிவுக்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் கருவிப் பகுத்தறிவு எனலாம்.

அந்த நூலில் தொலைபேசியையும் வானொலியையும் ஒப்பிடும் இடமொன்று உண்டு. தொலைபேசியில் பேசுகிறவர் இன்னும் ஓர் ஆளாக இருக்கிறார், அவரால் மறுமொழி சொல்ல முடிகிறது. வானொலியோ எல்லோரையும் ஒரே மாதிரியான கேட்போராக ஆக்கிவிடுகிறது என்பது அவர்களுடைய வாதம். அம்மாவின் கைத்தொலைபேசியில் வந்து குவியும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வருகிறது. கையில் இருப்பது தொலைபேசிதான். ஆயினும் அந்தச் செய்திகளுக்குப் பதில் அனுப்ப முடியாது. அனுப்பியவரின் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். பேசுவதற்காக வந்த கருவியை வானொலியாக மாற்றிக் கையில் தந்துவிட்டார்கள்.

குறுஞ்செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் விமர்சனக் கோட்பாட்டை ஒரு தமிழ் வாசகருக்கு விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள், அதாவது கணினியின் மிகச் சிறிய அலகான பிட்டில் 1120. 1980 களில் ஐரோப்பியத் தொலைத்தொடர்பு வல்லுநர்கள் கூடி வகுத்த நியமம் அது. ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் என்ற கணக்கில் அவர்களுடைய எழுத்துகள் 160 அதற்குள் அடங்கும். அந்த ஏழு பிட்டு அட்டவணையில் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, ஜேர்மானிய, சுவீடிய எழுத்துகள் இருக்கின்றன, கிரேக்கப் பேரெழுத்துகள்கூட இருக்கின்றன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. எனவே தமிழில் ஒரு செய்தி அனுப்பும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் பதினாறு பிட்டுகள் தேவைப்படுகின்றன. 160 என்ற எண்ணிக்கை 70 ஆகச் சுருங்கிவிடுகிறது. அதோடு முடியவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் வழங்கும் யூனிகோட் முறையில் மெய்யெழுத்துகளும் பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகளும் இரண்டு குறியீடுகளாகவே சேமிக்கப்படுகின்றன. 'கொழும்பு' என்ற சொல்லை நாங்கள் நான்கு எழுத்துகளாக எண்ணுகிறோம். கருவி எட்டாக எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் அடங்குவது தமிழில் இரண்டு, மூன்று செய்திகளாக உடையும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம்.

இலட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணக்காளர், எந்த மொழியில் அனுப்புவது சிக்கனம் என்று பார்த்தால், விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குத் தமிழ் மீது பகை எதுவும் இருக்க வேண்டியதில்லை. அந்த ஐரோப்பிய அறையில் இருந்தவர்களுக்கும் அப்படி ஒன்று இருந்திருக்காது. அவர்களுடைய நினைப்பில் நாங்கள் இருக்கவேயில்லை, அவ்வளவுதான். இந்த நாட்டின் சட்டத்திலோ 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராக எத்தனையோ போராட்டங்கள் நடந்து, அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியாக எழுதப்பட்டது. சட்டத்தில் ஏறிய மொழி 140 பைட்டுகளில் ஏற முடியாமல் வெளியே நிற்கிறது. சட்டத்தில் குறை இருந்தால் பாராளுமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு நியமத்தின் குறையை யாரிடம் போய்க் கேட்பது?

அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பேர்ட் மார்க்கியூஸ் இந்த இடத்தில்தான் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் போனார் என்று நினைக்கிறேன். 1964 இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது, கருவியைத் தவறாகப் பயன்படுத்துவதால் மட்டும் ஆதிக்கம் பிறப்பதில்லை, கருவியின் அமைப்புக்குள்ளேயே ஆதிக்கம் குடியிருக்கக்கூடும் என்பதாகும். கத்தியால் காய்கறியும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், கத்தி என்ன செய்யும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். கத்திக்கு அது பொருந்தலாம். இரண்டு கட்டங்கள் கொண்ட படிவத்துக்குப் பொருந்தாது. எவ்வளவு நல்லெண்ணத்தோடு நிரப்பினாலும் அது எங்கள் பெயரைக் குறைத்தே எடுக்கும்.

அவர் 1941 இல் எழுதிய ஒரு கட்டுரையில் கார் ஓட்டிச் செல்லும் மனிதனின் உதாரணம் வரும். வீதி வரைபடம் பாதையைச் சொல்கிறது. பலகைகள் எங்கே திரும்புவது, எங்கே நின்று காட்சியைப் பார்ப்பது என்று சொல்கின்றன. அவனுக்காக மற்றவர்கள் ஏற்கனவே யோசித்து முடித்துவிட்டார்கள். அவற்றுக்குப் பணிவதே அறிவுடைமையாகிவிடுகிறது, மறுப்பது மடமையாகத் தெரிகிறது. எண்பது வருடங்களுக்கு முந்திய இந்தக் காட்சியில், செயலி காட்டும் நீலக் கோட்டைப் பின்பற்றிக் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் எங்கள் ஆட்டோக்காரர்களை வைத்துப் பார்க்கலாம்.

ஆட்டோ என்றதும் ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2015 அளவில் ஆட்டோ அழைக்கும் செயலிகள் கொழும்புக்கு வந்தபோது நான் மனதார மகிழ்ந்தவள். அதற்கு முன்னர் ஆட்டோ பிடிப்பதென்றால் வீதியோரத்தில் நின்று சிங்களத்தில் பேரம் பேச வேண்டும். போர்க்காலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு, வாயைத் திறந்து நாலு சொல் சிங்களத்தில் பேசுவது என்பது, தன் உச்சரிப்பால் தன்னை இன்னாரென்று அறிவித்துக்கொள்வதாக இருந்தது. செயலியில் ஊசிக்குறியை வைத்தால் போதும். ஒரு சொல்லும் பேசாமல் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடலாம், கட்டணமும் முன்கூட்டியே தெரியும். அந்த ஆறுதலை அனுபவிக்காதவர்கள், தொழினுட்பம் மனிதரைப் பிரிக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் எனக்குக் கிடைத்த மௌனத்தின் மறுபக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். முகத்துவாரத்தைச் சேர்ந்த சாரதி ஒருவர், தன்னுடைய நட்சத்திரப் புள்ளிகள் குறைந்ததிலிருந்து ஓட்டங்கள் குறைந்துவிட்டன என்றும், ஏன் குறைந்தன என்று இதுவரை தெரியவில்லை என்றும் ஒரு மாலையில் சொல்லிக்கொண்டு வந்தார். "முதலாளி யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய்ப் பேசலாம் அக்கா. இதுக்கு மூஞ்சியே இல்லையே," என்றார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளரோடு சண்டை பிடிக்கலாம், வேலைநிறுத்தம் செய்யலாம், தொழிற்சங்கம் அமைக்கலாம். கொழும்பின் ட்ராம் வண்டித் தொழிலாளர்கள் 1929 இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் அதைத்தான் செய்தார்கள். தொழிலாளரின் எதிர்ப்பை முறியடிப்பதற்காகவே உருவான இயந்திரங்களைக் கொண்டு 1830 க்குப் பின்னரான கண்டுபிடிப்புகளின் முழு வரலாற்றையே எழுதலாம் என்று மார்க்ஸ் ஓரிடத்தில் சொல்கிறார். முகத்துவாரத்துச் சாரதியிடமிருந்து பறிபோனது, கோபத்தைக் கொண்டுபோய் வைப்பதற்கான அந்த முகவரி.

அதே சிந்தனை மரபின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த யூர்கன் ஹபர்மாஸ் 1968 இல் மார்க்கியூசின் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி எழுதிய நீண்ட கட்டுரையில் அவரோடு மரியாதையாக முரண்படுகிறார். தொழினுட்பம் என்பது மனித இனம் முழுவதற்கும் பொதுவான முயற்சி, அதை மாற்றி இன்னொரு தொழினுட்பத்தை வைக்க முடியாது. கேடு எங்கே விளைகிறது என்றால், மனிதர் ஒருவரோடு ஒருவர் பேசித் தீர்மானிக்க வேண்டிய விடயங்களைக்கூடத் தொழினுட்பப் பிரச்சினைகளாக மாற்றிவிடும்போதுதான் என்பது அவருடைய நிலைப்பாடு. இதன் இரண்டாவது பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வங்கிப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் இடையில் ஒரு நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டிய விடயம் அது. முதற் பாதியை ஏற்க முடியவில்லை. கட்டங்கள் இரண்டுதான் இருக்க வேண்டும் என்பது மனித இனத்தின் தீர்மானமல்ல. சில நாடுகளின் பெயரிடும் வழக்கம் அது, பொதுவிதி என்ற உடையை அணிந்துகொண்டு வந்திருக்கிறது.

மார்க்கியூசிடம் படித்த அன்ட்ரூ ஃபீன்பெர்க், 1991 இல் எழுதிய நூலிலும் அதற்குப் பின்னரும், இந்த இருவருக்கும் இடையில் எனக்கு நிற்கக்கூடிய ஓர் இடத்தைத் தந்தார். ஒரு பொருள் வடிவம் பெறும்போது சமூகத்தில் யாருடைய தேவை கணக்கில் எடுக்கப்பட்டதோ, அந்தத் தேவை பொருளின் அளவுகளாகவும் விதிகளாகவும் உறைந்துவிடுகிறது. பின்னர் அது வெறும் பொறியியலாகத் தோற்றமளிக்கிறது என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைகளில் சில இயந்திரங்கள் சிறுவர்களின் உயரத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டிருந்தன என்பது அவர் எடுத்துக்காட்டும் உதாரணங்களில் ஒன்று. சிறுவர் உழைப்புத் தடைசெய்யப்பட்ட பின்னர் இயந்திரங்களின் உயரம் மாறியது. அதற்குப் பிறகு பிறந்த எவருக்கும், அந்த உயரத்துக்குள் ஓர் அரசியல் இருந்தது என்பதே தெரியாது.

எங்கள் அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டுவார்கள். 2016 இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இந்த வழக்கம் தொடர்கிறது. ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு அது முதலாவது நாள். பெண்ணுக்கு ஐந்நூற்றோராவது நாள். ஆண் என்பது இயல்பு, பெண் என்பது இயல்போடு கூட்டிச் சொல்ல வேண்டியது என்ற எண்ணம் கணக்கு வடிவில் எங்கள் ஒவ்வொருவரின் பணப்பையிலும் இருக்கிறது. எனக்கு இது நாற்பது வயது வரை தோன்றவேயில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல இன்னும் கனமான ஒன்று உண்டு. வடக்கு, கிழக்கில் வழங்கப்பட்ட அட்டைகளில் சிங்களத்தோடு தமிழும் இருந்தது. ஏனைய பகுதிகளில் வழங்கப்பட்டவற்றில் சிங்களம் மட்டுமே இருந்தது. இரு மொழி அட்டை நாடு முழுவதற்கும் பொதுவானது 2014 இல்தான். மேலோட்டமாகப் பார்த்தால் முன்னைய ஏற்பாடு வட்டார மொழிக்குக் கொடுத்த மரியாதை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எடுத்த அட்டையோடு கொழும்பில் வேலை செய்த அப்பாவுக்கு, தொண்ணூறுகளின் சோதனைச் சாவடிகளில் அந்தத் தமிழ் எழுத்துகள் வேறொன்றைச் செய்தன. படிக்கவே தேவையில்லை, எழுத்தின் வளைவைக் கண்டாலே போதும்; இன்ன ஊரிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும், வரிசையை விட்டு விலகி நிற்கச் சொல்லிவிடுவார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி விலகி நின்ற பிள்ளை நான். அட்டையை வடிவமைத்தவர்கள் சோதனைச் சாவடியை மனத்தில் வைத்து அதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வடிவம் தன்னை உருவாக்கியவர்களின் நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அது எந்தச் சமூகத்துக்குள் போய் விழுகிறதோ அங்குள்ள அதிகாரம் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்.

இப்போது கைரேகை, கருவிழிப்படலம், முகம் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் டிஜிட்டல் அடையாள அட்டை, இந்திய அரசின் நிதியுதவியோடு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிய பேச்சு எல்லாம் வசதியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் இருக்கிறது. நாற்பது வருடங்கள் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி எடுக்காவிட்டால் அந்த மூதாட்டிக்கு மாற்று வழி என்ன, அந்த வழியை அவரிடம் தமிழில் சொல்வதற்கு மேசையில் யார் இருப்பார்கள், பெயருக்கு எத்தனை கட்டங்கள் இருக்கும் என்ற கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும். 2022 இல் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், முற்றிலும் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட முடிவை மீளாய்வு செய்யும்படி கேட்பதற்கான உரிமை எழுதப்பட்டிருக்கிறது. காகிதத்தில் உள்ள அந்த ஒரு வரியை நான் மிகவும் பெரியதாக நினைக்கிறேன்.

ஒருமுறை உறைந்தது மீண்டும் உருகுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. உருகியதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாட்கணக்கில் நின்றோம், நின்றபடியே உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டின் நடுப்பகுதியில், ஒவ்வொரு வாகனத்துக்கும் வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது வரிசைகள் மறைந்தன. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் நிர்ணயிக்கப்பட்ட வாராந்த அளவைப் பாருங்கள்: காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். கணினி வாகனத்தின் வகையைக் கேட்டது. அந்த வாகனத்தை நம்பி அடுப்பு எரிகிறதா என்று கேட்கவில்லை. அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வரும் ஒருவருடைய காருக்கு, ஆட்டோவை ஓட்டி ஐந்து பேரைக் காப்பாற்றுகிறவரைவிட நான்கு மடங்கு பெற்றோல் கிடைத்தது. அதற்கு யாரும் வாக்களிக்கவில்லை, யாரும் விவாதிக்கவும் இல்லை. அட்டவணையில் அப்படி இருந்தது. ஆட்டோச் சாரதிகள் விடாமல் குரல் எழுப்பிய பின்னர், பயணிகளை ஏற்றும் ஆட்டோக்களைத் தனியாகப் பதிவுசெய்ய ஏற்பாடு வந்தது, அவர்களுக்குரிய அளவும் கூட்டப்பட்டது. கணினிக்கு முன்னர் கேட்கத் தெரியாதிருந்த கேள்வியை வீதியில் நின்றவர்கள் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

பிரான்சில் 1980 களில் தொலைபேசி நிறுவனம் வீடுகளுக்கு விநியோகித்த மினிடெல் கருவி, தகவல் தேடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. மக்கள் அதை ஒருவரோடொருவர் உரையாடும் கருவியாக மாற்றிவிட்டார்கள் என்று ஃபீன்பெர்க் எழுதுகிறார். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆங்கில எழுத்துகளுக்காக ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களால்தான் பல வருடங்கள் இந்த நாட்டின் தமிழ்க் கணினி அச்சு நடந்தது. கருவி எங்களுக்கு இடம் தராதபோது, அதனிடம் ஆங்கிலம் என்று சொல்லிவிட்டுத் தமிழை அடித்தோம். யூனிகோட் பரவிய பிறகு அந்தக் கோப்புகள் பல, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. அந்த உத்திக்கும் ஒரு விலை இருந்தது. ஆனால் அந்த உத்தி இல்லாமல் அந்தக் காலத்தின் எத்தனையோ திருமண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் வந்திருக்க மாட்டா.

குரல் எழுப்பியவர்களின் பேச்சு உரிய காலத்தில் கேட்கப்படாத சந்தர்ப்பமும் எங்களிடம் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது, பேஸ்புக்கில் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளை நீக்குமாறு இங்குள்ள சிவில் அமைப்புகள் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்களுக்கு முடக்கியது. தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 இல். இலாபம் தரும் வேகத்தில் பதிவுகளைப் பரப்பத் தெரிந்த தளத்துக்கு, அந்தப் பதிவு எழுதப்பட்ட மொழியைப் படிக்கத் தெரிந்த போதிய ஆட்கள் இருக்கவில்லை. எதற்குச் செலவிடுவது, எதற்குச் செலவிடாமல் இருப்பது என்று யாரோ ஒருவர் எடுத்த தீர்மானம் அதற்குள் இருந்தது. வேறு விதமாக ஆகியிருக்க முடியாதா என்று ஹோர்க்ஹைமர் கேட்கச் சொன்ன கேள்வியை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அம்மாவின் விடயம் ஒருவாறு முடிந்தது. மூன்று பெயர்களும் ஒரே ஆளைக் குறிப்பன என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயதில், தான் தான்தான் என்று அம்மா சத்தியம் செய்தார். அதை எடுத்துக்கொண்டு அதே கிளைக்கு மீண்டும் போனோம். இளம்பெண் எல்லாவற்றையும் தட்டச்சுச் செய்து முடித்து, முதற் கட்டத்தில் அம்மாவின் பெயரையும் இரண்டாவது கட்டத்தில் அப்பாவின் பெயரையும் ஆங்கிலத்தில் நிரப்பி, 'வை' போதும் என்று சிஸ்டம் ஏற்றுக்கொண்ட பிறகு, மாதிரிக் கையொப்பத்துக்காக ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார்.

அம்மா எப்போதும் தமிழில்தான் கையொப்பம் இடுவார். தாத்தாவின் பெயரும் இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. தன்னுடைய பெயரை மட்டும், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதிய அதே உருண்டையான எழுத்தில், முழுமையாக எழுதுவார். அன்றும் அவ்வாறே எழுதினார். அந்தப் பெண் அட்டையை வாங்கி, ஒளிவருடியில் வைத்து, ஒரு படமாக அதைப் பதிவுசெய்துகொண்டார்.